பேசாத பிள்ளைகள் – கடிதம்

அன்புள்ள ஐயா,

வேலூர் மாவட்டத்தில் ஓர் அரசுப் பள்ளியில் பத்தாம் வகுப்புக்குச் சமூக அறிவியல் எடுக்கிறேன். வகுப்பில் 42 பேர். எதைக் கேட்டாலும் முன்பெஞ்சிலிருந்து அதே நாலைந்து கைகள்தான் எழும். ஒரு மாணவி தேர்வில் பக்கம் பக்கமாக எழுதுகிறாள். எழுப்பிக் கேட்டால் தரையைப் பார்க்கிறாள். வகுப்பில் பேசுவதற்கு மதிப்பெண் கொடுத்துப் பார்க்கலாமா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

மதிப்பெண் வேண்டாம். அந்த நாலைந்து பேர்தான் அதையும் வாங்கிக்கொண்டு போவார்கள்.

நம் வகுப்புகளில் கேட்கப்படுபவை பெரும்பாலும் ஒப்பிக்கச் சொல்லும் கேள்விகள். ‘வேலூர்ப் புரட்சி எந்த ஆண்டு?’ என்றால், ஒருவர் 1806 என்றதும் கதை முடிந்தது. மற்ற 41 பேருக்கும் அங்கே வேலையில்லை. ‘தலைப்பாகையை மாத்தச் சொன்னதுக்கா ஒரு படையே துப்பாக்கியைத் திருப்பும்?’ என்று கேட்டுப் பாருங்கள். தோல் இலச்சினை வைத்த புதுத் தலைப்பாகை, தாடியை எடு, நெற்றியில் சமயக்குறி கூடாது, காதில் கடுக்கன் கூடாது என்று ஆங்கிலேயக் கம்பெனிப் படையின் இந்தியச் சிப்பாய்களுக்கு வந்த ஆணைகளைச் சொல்லுங்கள். முடிவெட்டுக்கும் கையில் கட்டிய கயிற்றுக்கும் தினமும் பேச்சு வாங்கும் பிள்ளைகளுக்கு இதில் சொல்ல நிறையவே இருக்கும். (தலைமையாசிரியர் அந்தப் பக்கம் வராத நேரமாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.)

கேட்டபின் பொறுத்திருங்கள். மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் 1970களில் இதை ஆராய்ந்தார். கேள்வி கேட்ட ஆசிரியர்கள் சராசரியாக ஒரு நொடிதான் பொறுத்தார்கள். அதை 3 நொடிக்கு நீட்டியபோது பதில்கள் நீண்டன, ‘தெரியாது’ குறைந்தது, வழக்கமாக வாய் திறக்காதவர்களும் பேசினார்கள். 3 நொடி என்ன பெரிதா என்று தோன்றும். கரும்பலகை முன் நின்றால்தான் அதன் நீளம் தெரியும். ‘சரி, நானே சொல்றேன்’ என்று நாக்கு துறுதுறுக்கும்.

அந்த மாணவியைத் திடீரென்று எழுப்புவதை முதலில் நிறுத்துங்கள். எல்லார் முன்னாலும் எழுந்து நின்ற உடனேயே அது விசாரணை ஆகிவிடுகிறது. இரண்டு நிமிடம் பக்கத்தில் இருப்பவளிடம் பேசட்டும். பிறகு ‘நீங்க ரெண்டு பேரும் என்ன பேசினீங்க?’ என்று கேளுங்கள், உட்கார்ந்தபடியே சொல்லட்டும். தனியாக ஒரு கருத்தைச் சொல்வதைவிட ‘நாங்க பேசினோம்’ என்று தொடங்குவது அவளுக்கு எளிது. வீட்டில் பேசும் தமிழிலேயே சொன்னால் புத்தக நடைக்குத் திருத்த வேண்டாம். தப்பான பதிலுக்குச் சிரிப்பு எழும்போது நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்பதை 42 பேரும் பார்த்துக்கொண்டிருப்பார்கள். பல வகுப்புகளில் முதலில் சிரிப்பதே ஆசிரியர்தான்.

அப்படியும் அவள் பேசாமல் இருக்கலாம். இருக்கட்டும், எழுதுகிறாளே. அவளிடம் கேட்டுக்கொண்டு, அவள் எழுதியதில் இரண்டு வரியைப் பெயர் சொல்லாமல் வாசித்து, அதன்மேல் மற்றவர்களைப் பேசவிடுங்கள்.

போர்ஷன் முடிக்க வேண்டும், புக் பேக் கேள்விகளுக்கு விடை எழுதிப்போட வேண்டும் என்பதெல்லாம் தெரியும். வாரத்துக்கு ஒரு பாடவேளை போதும். ஆனால் அரையாண்டுக்கு முன்பே தொடங்கிவிடுங்கள். அதன்பின் ரிவிஷன் டெஸ்ட் உங்களை விடாது.

அன்புடன்.