இரண்டு குரலில் ஒருவர்: எலியட் ஸ்மித்தின் ஒலிப்பதிவுகள் பற்றிய கேள்வி பதில்

அமெரிக்கப் பாடகரும் பாடலாசிரியருமான எலியட் ஸ்மித் 1969இல் நெப்ராஸ்கா மாநிலத்தின் ஒமாஹாவில் பிறந்து, டெக்சாஸில் சிறுவயதைக் கழித்து, பதினான்கு வயதில் ஓரிகன் மாநிலத்தின் போர்ட்லாந்துக்குக் குடிபெயர்ந்தவர். வாழ்ந்த காலத்தில் தம் பெயரில் ஐந்து ஆல்பங்களை வெளியிட்டார். 2003 அக்டோபர் 21 அன்று லாஸ் ஏஞ்சல்ஸில் முப்பத்து நான்காம் வயதில் மறைந்தார். அவருடைய பதிவுகளை இருபது ஆண்டுகளாகத் திரும்பத் திரும்பக் கேட்டு வருபவன் என்பதைத் தவிர எனக்கு வேறு தகுதி எதுவும் இல்லை. வந்த கேள்விகளுக்கு அந்த அளவில் பதில் சொல்கிறேன்.

கேள்வி: இவருடைய ஒரு பாடலைக்கூட நான் கேட்டதில்லை. எந்த ஆல்பத்திலிருந்து தொடங்குவது நல்லது?

1997 பிப்ரவரியில் வெளிவந்த 'ஐதர்/ஆர்' ஆல்பத்திலிருந்து தொடங்குங்கள். டென்மார்க் தத்துவஞானி கீர்க்ககாரின் நூற்பெயரை அப்படியே எடுத்துக்கொண்ட ஆல்பம் அது. ஸ்மித் கல்லூரியில் தத்துவமும் அரசியலும் படித்தவர். பன்னிரண்டு பாடல்களும் சேர்ந்து நாற்பது நிமிடத்துக்குள் முடிந்துவிடும். முந்தைய இரண்டு ஆல்பங்களின் ஒற்றைக் கிட்டார் தனிமையும், பின்னால் வரவிருந்த பெரிய ஸ்டூடியோ இசையின் முதல் அறிகுறிகளும் இதில் ஒருசேர இருப்பதால், இங்கே நின்றுகொண்டு முன்னும் பின்னும் போவது எளிது. இதைக் கேட்டபின் 1994இன் 'ரோமன் கேண்டில்' தொடங்கி வெளிவந்த வரிசையிலேயே கேளுங்கள். மறைவுக்குப் பின் வெளிவந்த ஆல்பத்தை மட்டும் முதலில் எடுக்க வேண்டாம்; ஏன் என்பதைக் கீழே சொல்லியிருக்கிறேன்.

கேள்வி: 'ரோமன் கேண்டில்' ஆல்பத்தை வாங்கினேன். பாட்டின் பின்னால் ஒரு இரைச்சல் ஓடிக்கொண்டே இருக்கிறது. என்னிடம் வந்தது பழுதான பிரதியா?

உங்கள் பிரதியில் பழுது எதுவும் இல்லை. அந்த இரைச்சல் அசல் ஒலிநாடாவிலேயே உள்ளது. போர்ட்லாந்தில் ஒரு வீட்டின் நிலவறையில், நான்கு தடங்கள் (ஒலிகளைத் தனித்தனியாகப் பதியும் நாடாப் பாதைகள்) மட்டுமே கொண்ட பதிவுக் கருவியை வைத்துக்கொண்டு அவர் தனியாகப் பதிவு செய்த பாடல்கள் அவை. ஒரு தடத்தில் கிட்டார், இன்னொன்றில் அதே கிட்டார் மறுபடி, மற்ற இரண்டில் குரல் என்று வைத்தாலே கருவி நிரம்பிவிடும். அதற்குமேல் ஏதேனும் வேண்டுமென்றால், பதிவானவற்றை ஒரே தடத்தில் கலந்து ஒதுக்கித்தான் இடம் உண்டாக்க வேண்டும். அப்படிக் கலக்கும் ஒவ்வொரு முறையும் நாடாவின் இரைச்சல் இன்னும் கொஞ்சம் கூடும்.

ஆல்பமாக வெளியிடும் எண்ணத்தில் அவர் அவற்றைப் பதிவு செய்யவில்லை. போர்ட்லாந்தின் சிறு நிறுவனமான கேவிட்டி சர்ச் அந்த நாடாவைக் கேட்டுவிட்டு, உள்ளது உள்ளபடியே அனைத்தையும் வெளியிட விரும்பியது. ஒன்பதில் நான்கு பாடல்களுக்குப் பெயரே கிடையாது. 'நோ நேம்' என்று எண் மட்டும் போட்டு விட்டிருக்கிறார். யாரும் கேட்கப்போவதில்லை என்ற நினைப்பில் ஒரு மனிதர் தாழ்ந்த குரலில் பாடியது காதுக்கு எட்டும்போது, அந்த இரைச்சல் அறையின் காற்றாகவே எனக்குக் கேட்கிறது. ஹெட்போனில் கேட்டால், விரல்கள் கம்பியின் மேல் வழுக்கி இடம் மாறும் கீச்சொலிகூடத் தெளிவாக விழும்.

கேள்வி: அவர் குரல் மிகவும் மெல்லியது. ஆனாலும் காதருகே இருவர் சேர்ந்து பாடுவதுபோல் ஒரு நிறைவு இருக்கிறது. இது எப்படி?

இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன், ஏனென்றால் அவருடைய பதிவுகளின் உயிர்நாடி இதுதான். இருவர் பாடுவதுபோல் உங்களுக்குக் கேட்பதில் தவறில்லை. அந்த இருவரும் அவரே. ஒருமுறை பாடிப் பதிந்தபின், அதே வரியை, அதே சுருதியில், அதே மூச்சு நிறுத்தங்களுடன் இன்னொரு தடத்தில் மறுபடி பாடுவார். இரண்டையும் ஒன்றின்மேல் ஒன்றாக வைக்கும்போது, எவ்வளவு பழகிய பாடகராக இருந்தாலும் இம்மியளவு வேறுபாடு இருக்கத்தான் செய்யும். அந்த வேறுபாடுதான் குரலுக்கு ஒரு தடிமனையும் மினுமினுப்பையும் தருகிறது. பீட்டில்ஸ் குழுவினர் இதைப் பெரிதும் கையாண்டார்கள். ஸ்மித் அவர்களுடைய பதிவுகளில் ஊறியவர். ஆனால் உரத்துப் பாடும் குரலை இரட்டிப்பது ஒன்று, கிட்டத்தட்டக் கிசுகிசுப்பாகப் பாடும் குரலை இரட்டிப்பது வேறு. கிசுகிசுப்பில் மூச்சும் மெய்யெழுத்துகளும்தான் முன்னால் நிற்கும்; அவை ஒன்றோடொன்று பொருந்தாவிட்டால் உடனே பிசிறு தட்டும்.

1995இல் கில் ராக் ஸ்டார்ஸ் நிறுவனம் வெளியிட்ட, அவர் பெயரையே தலைப்பாகக் கொண்ட இரண்டாவது ஆல்பத்தின் முதல் பாடல் 'நீடில் இன் த ஹே'. தாளவாத்தியமே இல்லாத பாடல் அது. கிட்டாரை வலது கை இடைவிடாமல் ஒரே சீராகத் தட்டிக்கொண்டே போக, குரல் இரட்டையாக அதன்மேல் படிகிறது. வரி முடியும் இடங்களை மட்டும் கவனித்துக் கேட்டுப் பாருங்கள். அங்கே இரண்டு குரல்களும் ஒன்றை ஒன்று விட்டு மயிரிழை விலகி மறுபடி சேர்வது புலப்படும். ஒரே மனிதருக்குள் நடக்கும் பேச்சுபோல அது ஒலிக்கிறது. பாடலின் துயரத்தைச் சொற்களைவிட இந்த விலகல்தான் எனக்கு முதலில் உணர்த்தியது.

கிட்டாரையும் அவர் இதேபோல் இருமுறை வாசித்துப் பதிவார். எளிய தட்டல்களை இரட்டிப்பது கடினமல்ல. ஆனால் 'ஏஞ்சலஸ்' பாடலில் வருவதுபோல விரல்களால் விரைந்து பின்னிச் செல்லும் வாசிப்பைத் துல்லியமாக இரட்டிக்க வேண்டுமென்றால் எத்தனை நாள் பயிற்சி வேண்டும் என்பதைக் கிட்டார் கற்றவர்களே அறிவார்கள்.

கேள்வி: இவர் முதலில் ராக் குழுவில் இருந்தார் என்கிறார்களே?

ஆம். கல்லூரித் தோழர் நீல் கஸ்ட்டுடன் சேர்ந்து போர்ட்லாந்தில் 'ஹீட்மைசர்' என்ற குழுவைத் தொடங்கினார். 1993, 1994, 1996 ஆகிய ஆண்டுகளில் மூன்று ஆல்பங்கள் வெளிவந்தன. முதல் இரண்டிலும் மின்கிட்டார்களின் ஆரவாரத்துக்கு ஈடுகொடுக்க அவர் கத்திப் பாட வேண்டியிருந்தது. மூன்றாவதான 'மிக் சிட்டி சன்ஸ்' மட்டும் கட்டாயம் கேட்க வேண்டியது. அதில் அவர் எழுதிய பாடல்கள் ஏற்கெனவே தனி ஆல்பங்களின் திசைக்குத் திரும்பிவிட்டன. அது வெளியாகும் வேளையில் குழு கலைந்துவிட்டது.

கேள்வி: 'குட் வில் ஹன்டிங்' படம் பார்த்துத்தான் இவரை அறிந்தேன். அதில் வரும் 'மிஸ் மிசரி' எந்த ஆல்பத்திலும் இல்லையே?

அவர் வாழ்ந்தபோது வெளிவந்த ஐந்து ஆல்பங்களிலும் அது இல்லை; படத்தின் இசைத் தொகுப்பில் தேடுங்கள். இயக்குநர் கஸ் வான் சான்ட் அப்போது போர்ட்லாந்தில் வாழ்ந்தவர். ஏற்கெனவே வெளிவந்திருந்த ஸ்மித்தின் பாடல்களைப் படத்தில் சேர்த்ததோடு, படத்துக்கென்று ஒன்றையும் கேட்டுப் பெற்றார். அந்தப் பாடல் ஆஸ்கர் பரிந்துரை பெற்றது. 1998 மார்ச் 23 அன்று வெள்ளை உடையில் அந்த மாபெரும் மேடையில் தனியாக நின்று அதைச் சுருக்கமாகப் பாடினார். விருது 'டைட்டானிக்' படப் பாடலுக்குப் போயிற்று. இதன் வேறு வரிகள் கொண்ட முந்தைய வடிவம் ஒன்று 2007இல் வந்த 'நியூ மூன்' தொகுப்பில் உள்ளது. இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டால், மெட்டைக் கைவிடாமல் சொற்களை மட்டும் எப்படி மாற்றி மாற்றிச் செதுக்கினார் என்பது விளங்கும்.

கேள்வி: பெரிய நிறுவனத்துக்குப் போனபின் இவருடைய இசையின் எளிமை கெட்டுவிட்டது என்று நண்பர்கள் சொல்கிறார்கள். உங்கள் கருத்து என்ன?

நான் அதை ஏற்கவில்லை. டிரீம்வொர்க்ஸ் நிறுவனத்துக்காக அவர் செய்தவை இரண்டு: 1998இன் 'எக்ஸ்ஓ', 2000இன் 'ஃபிகர் 8'. டாம் ராத்ராக், ராப் ஷ்னாஃப் ஆகிய இருவரும் அவருடன் சேர்ந்து தயாரித்தார்கள். 'ஐதர்/ஆர்' ஆல்பத்திலும் அவர்கள் உடனிருந்தவர்களே என்பதால், நிறுவனம் மாறியபோதும் கூட வேலை செய்தவர்கள் மாறிவிடவில்லை. நான்கு தடத்துக்குள் அடக்கி வாசித்தவருக்கு இப்போது வேண்டிய அளவு தடங்கள் கிடைத்தன. பியானோ, ஆர்கன், டிரம்ஸ், பேஸ் எனப் பெரும்பாலானவற்றைத் தாமே வாசித்தார். எளிமை அவருக்கு வறுமையால் வந்த வழக்கமா, விரும்பி ஏற்ற அழகா என்று கேட்டால், இரண்டும் கலந்தது என்பேன்.

'எக்ஸ்ஓ'வின் முதல் பாடல் 'ஸ்வீட் அடலின்' இந்த மாற்றத்தை நம் கண்முன்னே நிகழ்த்திக் காட்டுகிறது. தொடக்கத்தில் பழையபடி ஒரு கிட்டாரும் மெல்லிய குரலும் மட்டுமே இருக்கும். பாதி வழியில் திடீரென்று கதவு திறந்ததுபோல டிரம்ஸும் பியானோவும் அடுக்குக் குரல்களும் உள்ளே பாயும். 'வால்ட்ஸ் எண் 2' மூன்று அடித் தாளத்தில் அமைந்தது. மதுக்கூடத்தில் பிறர் பாட்டைப் பாடும் ஒரு பெண்ணும் அவளருகே உள்ள ஆணும் வரும் காட்சியில் தொடங்கி, இனி அறியவே முடியாத ஒருவரிடம் அன்பு மாறாது என்று சொல்லும் இடத்துக்கு அது வந்து சேர்கிறது. கடைசிப் பாடலில் வாத்தியங்களே இல்லை. அவருடைய குரல் பல அடுக்குகளாகச் சேர்ந்து இசைக்கும் பாட்டு அது. நிலவறையில் இரண்டாக இருந்த குரல் இங்கே ஒரு பாடகர் குழுவாகவே ஆகிவிட்டது. இதை எப்படிக் கெட்டுப்போனது என்று சொல்வது?

'ஃபிகர் 8' பற்றி எனக்கும் ஒரு குறை உண்டு. பதினாறு பாடல்கள் சற்று அதிகம். நான்கைக் குறைத்திருந்தால் இன்னும் இறுகியிருக்கும். அதன் ஒரு பகுதி லண்டனின் அபி ரோடு ஸ்டூடியோவில் பதிவாயிற்று. பீட்டில்ஸை நேசித்தவருக்கு அது என்னவாக இருந்திருக்கும் என்று நினைத்துக்கொள்வேன். அட்டைப்படத்தில் அவருக்குப் பின்னால் தெரியும் சுழல்கோட்டு ஓவியச் சுவர் லாஸ் ஏஞ்சல்ஸின் சன்செட் பொலிவார்டில் உள்ளது. அவர் மறைந்த பிறகு ரசிகர்கள் அங்கே எழுதியும் மலர் வைத்தும் அஞ்சலி செலுத்தத் தொடங்கினார்கள்.

கேள்வி: 'பிட்வீன் த பார்ஸ்' பாடலைக் கிட்டாரில் வாசித்துப் பார்க்கிறேன். கார்டுகள் (சுரக் கூட்டுகள்) சரியாக இருந்தும் பதிவோடு ஒத்துப்போவதில்லை.

ஆறு தந்திகளையும் ஒரு முழுச் சுரம் தாழ்த்திச் சுருதி சேர்த்துவிட்டு வாசியுங்கள். அவருடைய பாடல்களில் பல இப்படித் தாழ்த்திய கிட்டாரில் வாசிக்கப்பட்டவை. தந்தி தளர்வதால் ஒலியும் கொஞ்சம் மங்கலாகி, அவர் குரலோடு இயைந்துவிடும்.

கேள்வி: 'ஃப்ரம் எ பேஸ்மென்ட் ஆன் த ஹில்' ஆல்பத்தை விடைபெறும் கடிதம் என்று எல்லோரும் எழுதுகிறார்கள். அப்படித்தான் கேட்க வேண்டுமா?

அப்படிக் கேட்க வேண்டாம் என்று உங்களை வேண்டிக்கொள்கிறேன். அதை முதலில் எடுக்க வேண்டாம் என்று மேலே சொன்னதும் இதனால்தான். அவர் அந்த ஆல்பத்தில் ஆண்டுக்கணக்கில் உழைத்துக்கொண்டிருந்தார். மாலிபுவில் டேவிட் மெக்கானலுடன் பதிந்தார், பின்னர் 'நியூ மங்கி' என்ற பெயரில் தமக்கென்று ஸ்டூடியோ அமைத்துக்கொண்டார். இரட்டை ஆல்பமாக வெளியிடும் எண்ணமும் இருந்தது. முடிக்கும் முன்பே மறைந்தார். அவருடைய மரணம் எவ்வகைப்பட்டது என்பதை மரண விசாரணை அலுவலகமே முடிவு செய்யாமல் விட்டிருக்க, பாட்டு வரிகளைச் சாட்சியாகக் கூப்பிடும் உரிமை நமக்கு ஏது?

குடும்பத்தார் கேட்டுக்கொண்டபடி ராப் ஷ்னாஃபும் ஜோவானா போல்மும் பதிவுகளை ஒழுங்குபடுத்தி முடிக்க, 2004 அக்டோபரில் பதினைந்து உருப்படிகளுடன் ஆல்பம் வெளிவந்தது. பாடல்களின் வரிசையும் இறுதிக் கலவையும் அவர்களுடைய தீர்ப்பு என்பதை நினைவில் வைத்துக்கொண்டு கேட்க வேண்டும். 'கிங்ஸ் கிராசிங்' பாடலில் பியானோ மங்கலாகத் தொடங்கி, குரல்கள் ஒவ்வொன்றாகத் திரண்டு, டிரம்ஸ் வந்து இறங்கும் கட்டுமானத்தைப் பாருங்கள். புதிய ஒலியைத் தேடிக்கொண்டிருந்த கலைஞரின் வேலை அது.

கேள்வி: 'நியூ மூன்' என்பது கழித்துக் கட்டிய பாடல்களின் தொகுப்புதானா?

இல்லை. பெரும்பாலும் 1994 முதல் 1997 வரை பதிவான இருபத்து நான்கு பாடல்கள் அதில் உள்ளன. ஸ்மித்தின் நண்பரும் போர்ட்லாந்தின் 'ஜாக்பாட்' ஸ்டூடியோவின் உரிமையாளருமான லாரி கிரேன் அவற்றைக் காத்து, கலந்து தந்தார். வருவாயில் ஒரு பகுதி, வீடற்ற இளைஞர்களுக்கு உதவும் போர்ட்லாந்து அமைப்பு ஒன்றுக்குப் போயிற்று. 'ஐதர்/ஆர்' என்ற பெயரிலேயே ஒரு பாடல் இருப்பதும், அது அந்த ஆல்பத்தில் இடம்பெறாமல் இங்கே கிடைப்பதும் பலருக்குத் தெரியாது. 'ஏஞ்சல் இன் த ஸ்னோ', 'கோயிங் நோவேர்' இரண்டையும் முதலில் கேளுங்கள். வேறு யாருக்கேனும் இப்படி இரண்டு பாடல்கள் கிடைத்திருந்தால் அவற்றை வைத்தே ஒரு ஆல்பத்தைத் தொடங்கியிருப்பார்கள்.

கேள்வி: ஸ்டூடியோவில் குரலை இரட்டிக்கலாம். மேடையில் தனியாகப் பாடும்போது என்ன செய்தார்? நல்ல நேரடிப் பதிவு இருக்கிறதா?

இருக்கிறது. இரண்டாவது ஆல்பத்தின் இருபத்தைந்தாம் ஆண்டையொட்டி 2020இல் வெளிவந்த விரிவான பதிப்பில், 1994 செப்டம்பரில் போர்ட்லாந்தின் 'அம்ப்ரா பெனும்ப்ரா' என்ற காபிக்கடையில் அவர் பாடியது முழுதாகச் சேர்க்கப்பட்டுள்ளது. தனிப் பாடகராக அவர் மேடையேறியதற்குக் கிடைத்துள்ள மிகப் பழைய ஒலிப்பதிவு அதுவே. அங்கே இரண்டாவது குரல் கிடையாது, இரண்டாவது கிட்டாரும் கிடையாது. 'ரோமன் கேண்டில்' ஆல்பத்தில் இரட்டைக் குரலாகக் கேட்டுப் பழகிய 'காண்டோர் அவென்யூ' அங்கே ஒற்றைக் குரலாக, கொஞ்சம் அவசரமாக, சின்னக் கூட்டத்தின் முன் ஒலிக்கிறது. முதலில் ஆல்பத்தில் உள்ளதைக் கேட்டுவிட்டு உடனே இதைப் போடுங்கள். அந்த இன்னொரு குரல் இருந்த இடம் காலியாக இருப்பது உங்களுக்கே கேட்கும்.