மவுஸ் ஏன் எப்போதும் வலது பக்கமே இருக்கிறது? ஆரம்பத்திலிருந்தே அப்படித்தானா?

நீங்கள் இடது கைப் பழக்கம் உள்ளவர் என்று வைத்துக்கொண்டே எழுதுகிறேன். வலது கைக்காரர்களுக்கு இந்தக் கேள்வி தோன்றி நான் பார்த்ததில்லை.

ஆமாம், ஆரம்பத்திலிருந்தே வலது பக்கம்தான். ஆனால் அன்றைக்கு அதற்கு ஒரு நியாயம் இருந்தது.

1964-ல் ஸ்டான்ஃபோர்டு ஆராய்ச்சி நிறுவனத்தில், கணினி ஆய்வாளர் டக்ளஸ் எங்கல்பார்ட்டின் யோசனையை வைத்து அவருடைய சக பொறியாளர் பில் இங்கிலிஷ் முதல் மவுஸைச் செய்தார். மரப்பெட்டி, அடியில் ஒன்றுக்கொன்று செங்குத்தாக இரண்டு சக்கரங்கள், மேலே ஒரே ஒரு பட்டன். 1968 டிசம்பர் 9 அன்று சான் ஃபிரான்சிஸ்கோவில் எங்கல்பார்ட் மவுஸையும் தன் கணினி அமைப்பையும் தொண்ணூறு நிமிடம் இயக்கிக் காட்டிய நிகழ்ச்சியைப் பற்றி எல்லோரும் எழுதுகிறார்கள். அந்தப் படங்களில் அவருடைய இடது கையைக் கவனியுங்கள். அது சும்மா இல்லை. பியானோ கட்டைகள்போல ஐந்து விசைகள் கொண்ட ஒரு சின்னப் பலகை அதன் கீழே இருக்கிறது. ஐந்தையும் விதவிதமாகச் சேர்த்து அழுத்தினால் 31 சேர்க்கைகள் கிடைக்கும். எழுத்துகளும் கட்டளைகளும் அதிலேயே போகும். வலது கை இடத்தைக் காட்டும், இடது கை என்ன செய்ய வேண்டும் என்று சொல்லும். இரண்டு கைக்கும் வேலை இருந்தது. அதனால்தான் மவுஸ் வலது பக்கம்.

அந்த ஐந்து விசைப் பலகை பிழைக்கவில்லை. கற்றுக்கொள்ள நாளாகும் என்பதால் ஜெராக்ஸின் ஆல்டோ என்ற ஆரம்பகாலக் கணினியோடு அதன் காலம் முடிந்தது. ஆனால் அந்த ஏற்பாடு சாகவில்லை. 1981-ல் வந்த ஜெராக்ஸ் ஸ்டார் கணினியின் கீபோர்டில் நகர்த்து, நகலெடு, அழி போன்ற கட்டளை விசைகள் இடது ஓரத்தில் இருந்தன. பிறகு ஆப்பிளின் லிசா கணினியில் அங்கே வேலை செய்த லாரி டெஸ்லர் இசட், எக்ஸ், சி, வி என்று நான்கு எழுத்துகளையும் வரிசையாக இடது கீழ் மூலையில் கட்டளைகளுக்கு ஒதுக்கினார். இன்றைக்கு நாம் வெட்டி ஒட்டுவது அந்த மூலையில்தான். மவுஸை இடது கையில் பிடிப்பவர் அந்த மூலைக்கு வலது கையைக் குறுக்கே நீட்ட வேண்டும். இது எவ்வளவு எரிச்சல் என்று அனுபவித்தவருக்குத்தான் தெரியும்.

சரி, என் கதைக்கு வருகிறேன். நான் பக்க வடிவமைப்பு வேலை செய்பவன். நாள் முழுவதும் மவுஸ்தான். வேலைக்குச் சேர்ந்தபோது அங்கே இரண்டு ஷிஃப்டுக்கும் ஒரே கணினி. நான் மவுஸை இடது பக்கம் மாற்றி, பட்டன்களையும் செட்டிங்கில் மாற்றிவைத்து வேலை செய்வேன். அடுத்த ஷிஃப்டில் வருபவர் கிளிக் செய்தால் மெனு திறக்கும். மவுஸ் கெட்டுவிட்டது என்று புகார் போனது. மேலாளர் என்னைக் கூப்பிட்டு, "எல்லாரும் மாதிரி வலது கைல பிடிச்சுப் பழகுங்க, ரெண்டு வாரத்துல சரியாயிடும்" என்றார். பழகினேன். வேகமும் வந்தது. கூடவே வலது தோளில் வலியும் வந்தது, போகவே இல்லை.

பிறகு யாரையும் கேட்காமல் மவுஸை மட்டும் இடது பக்கம் கொண்டுவந்தேன். பட்டன்களைத் தொடவில்லை, நடுவிரலால் கிளிக் செய்யப் பழகிக்கொண்டேன். அப்போதுதான் ஒன்று புரிந்தது. சாதாரண கீபோர்டில் எண் விசைகள் வலது ஓரத்தில் இருக்கின்றன. மவுஸ் இடது கையில் இருந்ததால், வலது கை அந்த எண்களின் மேலேயே இருந்தது. ஓரம் எவ்வளவு, பத்தி அகலம் எவ்வளவு, எழுத்து அளவு எவ்வளவு என்று மவுஸை விடாமல் தட்டிக்கொண்டே போகலாம். வலது கைக்காரர் ஒவ்வொரு முறையும் மவுஸை விட்டுக் கையை எடுத்து எண்ணைத் தட்டிவிட்டுத் திரும்ப வேண்டும். அட்டவணை நிறைந்த பக்கங்களை அந்த அலுவலகத்தில் என்னைவிட வேகமாக முடித்தவர் யாரும் இல்லை. இதைப் பெருமையாகவே சொல்கிறேன். எங்கல்பார்ட் நினைத்ததும் இதுதானே? ஒரு கை காட்ட, இன்னொரு கை சொல்ல.

இன்னொன்றும் பாருங்கள். அந்த எண் விசைகள் இருப்பதாலேயே வலது பக்கத்து மவுஸ் இன்னும் தள்ளிப்போகிறது. 1980களின் நடுவில் ஐபிஎம் 101 விசைக் கீபோர்டு வந்தபோது, எழுத்துகளுக்கும் எண்களுக்கும் நடுவே அம்புக்குறி விசைகளும் சேர்ந்துகொண்டன. கை இன்னும் விலகியது. என் தோள் வலிக்கு இதுதான் காரணம் என்று நான் நம்புகிறேன்.

"நானும் இடது கைக்காரன்தான், வலது கையில் பிடிக்கிறேன், ஒரு தொந்தரவும் இல்லை" என்று யாராவது பின்னூட்டம் போடுவீர்கள். உங்களுக்கு ஒத்துவந்தால் நல்லது. நிறையப் பேர் அப்படித்தான் இருக்கிறார்கள். எல்லோரும் மாற வேண்டும் என்று நான் சொல்லவில்லை. மாற விரும்புபவரைத் தடுக்காதீர்கள் என்கிறேன், அவ்வளவுதான்.

வடிவம் தனிக்கதை. ஆரம்பகால ஆப்பிள் மவுஸில் ஒரே பட்டன். எந்தக் கைக்கும் ஒன்றுதான். 90களில்தான் உள்ளங்கைக்கு ஏற்ற வளைவு என்று ஆரம்பித்தார்கள். அந்த உள்ளங்கை பெரும்பாலும் வலது உள்ளங்கை. 1999-ல் மைக்ரோசாஃப்ட்டின் இன்டெல்லிமவுஸ் எக்ஸ்ப்ளோரர் வந்தது. மவுஸின் அடியில் உருளும் உருண்டை போய் ஒளி சென்சார் வந்ததில் எனக்கு அத்தனை சந்தோஷம்; உருளைகளில் ஒட்டிய அழுக்கை நகத்தால் சுரண்டும் வேலை ஒழிந்தது. ஆனால் கட்டைவிரல் பட்டன்கள் இருந்த பக்கத்தைப் பாருங்கள்: வலது கைக்கு மட்டும். நல்ல வேளையாக இரு கைக்கும் பொதுவான இன்டெல்லிமவுஸ் ஆப்டிகலும் வந்தது.

மவுஸை விடுங்கள், தேர்வு அறைகளில் கைப்பலகை வைத்த நாற்காலி போடுகிறார்களே, அந்தப் பலகை ஏன் எப்போதும் வலது பக்கமே இருக்கிறது? மூன்று மணி நேரம் உடம்பைத் திருகிக்கொண்டு எழுதியிருக்கிறேன். பத்து நாற்காலியில் ஒன்றை இடது பக்கமாகச் செய்யச் சொன்னால் செலவு என்பார்கள். கேட்டால் இன்றும் கோபம் வருகிறது.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். கணினியை வேறொருவரோடு பகிர்கிறீர்கள் என்றால் விண்டோஸில் உங்களுக்கென்று தனிப் பயனர் கணக்கு கேளுங்கள். பட்டன் மாற்றம் அந்தக் கணக்கோடு நிற்கும், அடுத்தவருக்குத் தொந்தரவு இல்லை. இந்த யோசனையை அன்று எனக்கு யாரும் சொல்லவில்லை. இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கும் மவுஸாகப் பாருங்கள். இடது கைக்கென்றே செய்தவையும் இப்போது கிடைக்கின்றன. வயர் உள்ளது என்றால் நீளத்தைக் கவனியுங்கள். கணினிப் பெட்டி வலது பக்கம் இருந்தால் பாதி மவுஸ்கள் இடது பக்கம் வரை எட்டாது.