மெத்தாக்சி கொடுக்குமா, பிடுங்குமா?

கேள்வி: மெத்தாக்சி (–OCH₃) எலக்ட்ரானை வழங்கும் தொகுதி, அதனால் அமிலத்தன்மையைக் குறைக்கும் என்றுதான் படித்தேன். பென்சாயிக் அமிலத்தின் பி.கே.ஏ. மதிப்பு (அமிலத்தின் வலிமையைக் காட்டும் எண்) 4.20. வளையத்தில் கார்பாக்சில் தொகுதிக்கு (–COOH) நேரெதிரான பாரா இடத்தில் மெத்தாக்சி வந்தால் 4.47, சரி. ஒரு கார்பன் தள்ளி மெட்டாவில் வந்தால் 4.09 என்று போட்டிருக்கிறதே, அச்சுப்பிழையா?
– பிளஸ் டூ மாணவி ஒருவர்

பதில்: பிழை இல்லை. மதிப்பு குறைந்தால் அமிலம் வலுவானது, ஆகவே மெட்டாவில் இருக்கும் மெத்தாக்சி அமிலத்தன்மையைக் கொஞ்சம் கூட்டத்தான் செய்கிறது. 'வழங்கும் தொகுதி' என்று ஒரே முத்திரை குத்தி மனப்பாடம் செய்யவைப்பதால் வரும் குழப்பம் இது.

மெத்தாக்சியில் உள்ள ஆக்சிஜன் ஒரு கையால் கொடுத்து மறு கையால் பிடுங்குகிற ஆசாமி. கார்பனைவிட அதற்குக் கவர்திறன் (எலக்ட்ரானை இழுக்கும் திறன்) அதிகம், அதனால் சிக்மா பிணைப்பு (ஒற்றைப் பிணைப்பு) வழியாக எலக்ட்ரானைத் தன் பக்கம் இழுக்கும். இது தூண்டல் விளைவு. அதே ஆக்சிஜன் தன் தனித்த எலக்ட்ரான் இரட்டையை பென்சீன் வளையத்துக்குள் தள்ளவும் செய்யும், இது உடனிசைவு. இரண்டும் ஒரே நேரத்தில் நடக்கின்றன. எது ஜெயிக்கிறது என்பதை இடம்தான் முடிவு செய்கிறது.

ஒரு தாளில் உடனிசைவு வடிவங்களை வரைந்து பாருங்கள். எதிர்மின்சுமை மெத்தாக்சிக்கு ஆர்த்தோ (பக்கத்து), பாரா கார்பன்களில் மட்டும்தான் வந்து உட்காரும். பாராவில் கார்பாக்சில் தொகுதி இருந்தால், அதைச் சுமக்கும் கார்பனிலேயே எலக்ட்ரான் சேர்ந்துவிடுகிறது. புரோட்டான் போனபின் வரும் எதிர்மின்சுமையைத் தாங்குவது அங்கே சிரமம், அமிலம் தளர்கிறது. மெட்டா கார்பனுக்கு அந்தத் தள்ளல் நேரடியாக வந்து சேர்வதே இல்லை, தூண்டல் விளைவின் இழுப்புதான் மேலோங்குகிறது.

அந்த இழுப்பும் தூரம் போகப்போகத் தேய்ந்துவிடும். பியூட்டனாயிக் அமிலத்துக்கு 4.82, குளோரின் இரண்டாம் கார்பனில் இருந்தால் 2.86, மூன்றாவதில் 4.05, நான்காவதில் 4.52. மெட்டாவில் வித்தியாசம் வெறும் 0.11 என்பதில் ஆச்சரியமில்லை.

ஆர்த்தோ இடத்தை இப்போதைக்கு விட்டுவிடுங்கள், அங்கே இடநெருக்கடி, ஹைட்ரஜன் பிணைப்பு என்று வேறு தலைவலிகள் உண்டு. அப்புறம் இன்னொன்று: கார்பாக்சிலேட்டின் (அமிலத்திலிருந்து புரோட்டான் போனபின் மிஞ்சும் அயனியின்) எதிர்மின்சுமை வளையத்துக்குள் பரவுவதாகப் பலர் படம் போடுகிறார்கள். பரவாது, இரண்டு ஆக்சிஜன்களுக்குள்தான் பங்கு. வளையத்துக்குள் பரவுவது பீனாக்சைடில் (பீனால் புரோட்டானை இழந்தபின் வரும் அயனியில்); தேர்வில் இரண்டையும் கலந்து எழுதிவிடாதீர்கள்.