அம்மை ஒருமுறை வந்தால் மறுபடி வராது என்கிறார்களே, உடம்புக்கு எப்படி ஞாபகம் இருக்கிறது?

எனக்கு ஒன்பது வயதில் சின்னம்மை போட்டது. வாசலில் வேப்பிலை செருகி, என்னைத் தனி அறையில் படுக்க வைத்தார்கள். உள்ளே வந்து போனது அப்பாயி மட்டும்தான். "எனக்குச் சின்னப் பிள்ளையிலேயே வந்துருச்சு, இனி ஆத்தா என்னத் தொடமாட்டா" என்பார். அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. அவர் சொன்னது முக்கால்வாசி சரி. மீதிக் கால்வாசி எனக்குப் புரிய முப்பது வருடம் ஆனது. அதற்குக் கடைசியில் வருகிறேன்.

கிருமி வந்த பிறகு உடம்பு அதற்கு அளவெடுத்து ஆயுதம் செய்கிறது என்றுதான் நான் நினைத்திருந்தேன். அப்படி இல்லை. இது தையல்கடை இல்லை, ரெடிமேட் கடை. ரத்த வெள்ளை அணுக்களில் இரண்டு வகை, டி செல், பி செல் என்று. கோடிக்கணக்கான டி செல்களும் பி செல்களும், ஒவ்வொன்றும் ஒவ்வொரு அளவில், கிருமி வருவதற்கு முன்பே தயாராகத் தொங்குகின்றன. பெரும்பாலானவற்றுக்கு வாழ்நாள் முழுக்க வேலையே வராது. நம்மிடம் மொத்தமே இருபதாயிரம் சொச்சம் மரபணுக்கள்தான் இருக்கும்போது இத்தனை விதம் எப்படி வந்தது? மரபணுத் துண்டுகளை ஒவ்வொரு செல்லும் தன் இஷ்டத்துக்கு வெட்டி ஒட்டிக்கொள்கிறது. பி செல்லில் இது நடப்பதைக் காட்டியவர் ஜப்பானியரான சுசுமு டோனெகாவா. 1987-இல் நோபல் பரிசு கிடைத்தது.

காலில் முள் குத்திச் சீழ் வைத்தால் தொடையிடுக்கில் நெறி கட்டும், பார்த்திருப்பீர்கள். அதுதான் அந்தக் கடை. கிருமியின் துணுக்கை ஒரு வகைக் காவல் செல்கள் சுமந்துகொண்டு நெறிக்கு வரும். அந்த வழியே போய்க்கொண்டிருக்கும் லட்சக்கணக்கான செல்களில் எதற்குத் துணுக்கு பொருந்துகிறதோ, அது அங்கேயே நின்று இரண்டாகி, நான்காகிப் பெருகும். வீக்கத்துக்கு ஒரு காரணம் இந்தப் பெருக்கம். பி செல்கள் பெருகும்போதே இன்னும் கச்சிதமாகப் பொருந்தும்படி கொஞ்சம் ஆல்டரேஷனும் நடக்கும். இதற்கெல்லாம் ஒரு வாரமாவது பிடிக்கும். முதல் தடவை நாம் படுத்துவிடுவது இந்தத் தாமதத்தால்தான்.

பி செல்கள் ஆன்டிபாடிகள் என்ற புரதங்களை உற்பத்தி செய்து ரத்தத்தில் விடும். வெளியே திரியும் கிருமியை அவை பிடித்துக்கொள்ளும். ஆனால் வைரஸ் ஒரு செல்லுக்குள் புகுந்துவிட்டால் ஆன்டிபாடிக்கு அங்கே வேலை இல்லை. அதற்கு டி செல் வேண்டும். ஒவ்வொரு செல்லும் தனக்குள் தயாராகும் புரதங்களின் துணுக்குகளை மேற்பரப்பில் எடுத்துக் காட்டிக்கொண்டே இருக்கும். அதில் வைரஸ் துணுக்கு தெரிந்தால் டி செல் அந்தச் செல்லையே சாகடித்துவிடும். பிறவியிலேயே ஆன்டிபாடி உண்டாகாத குழந்தைகள் பொதுவாகச் சின்னம்மையிலிருந்து தேறிவிடுகிறார்கள். டி செல் இல்லாத குழந்தைகளுக்கு அது உயிருக்கே ஆபத்து.

சண்டை முடிந்ததும் பெருகிய செல்களில் பெரும்பாலானவை செத்துவிடும். கொஞ்சம் மட்டும் தங்கும். நீங்கள் கேட்ட ஞாபகம் இதுதான்: பொருந்திய அளவில் முன்பைவிட அதிக எண்ணிக்கையில், உடனே கிளம்பத் தயாராக இருக்கும் செல்கள். என் பக்கத்தில் இருந்த அப்பாயி உடம்பிலும் என் கிருமி நுழைந்திருக்கலாம். கொப்புளமாக வெளியே தெரிவதற்கு முன்பே காரியம் முடிந்திருக்கும்.

இந்த ஞாபகம் எவ்வளவு நாள் நிற்கும்? டென்மார்க் ஆட்சியில் இருந்த ஃபாரோ தீவுகளில் 1781-இல் தட்டம்மை வந்துபோனது. அப்புறம் 65 வருடம் எட்டிப் பார்க்கவில்லை. 1846-இல் மறுபடி நுழைந்தபோது, 7,800 பேர் சுமாரான ஜனத்தொகையில் ஏறக்குறைய 6,000 பேர் படுத்தார்கள். பீட்டர் பானும் என்ற இளம் டாக்டர் ஊர் ஊராகப் போய் விசாரித்தார். 1781-இல் தட்டம்மை கண்ட கிழவர்கள் ஒருவருக்குக்கூட இரண்டாவது முறை வரவில்லை. இடையில் அந்தக் கிருமியே தீவில் இல்லை என்பதால் இது எனக்கு மிகவும் பிடித்த ஆதாரம்.

சளி மட்டும் ஏன் வருஷா வருஷம் வருகிறது என்றால், சளி வைரஸ்களில் நூற்றுக்கும் மேல் ரகங்கள். ஒன்றுக்குப் பொருந்திய சட்டை இன்னொன்றுக்குச் சேராது.

சரி, அந்தக் கால்வாசி. அப்பாவுக்கு அறுபத்து மூன்று வயதில் இடது விலாவில் பட்டையாக எரிச்சல், பிறகு கொப்புளம். அக்கி என்று சொல்லி, காவி குழைத்து எழுதிவிட்டு வந்தார். டாக்டரிடம் போனபோது ஆறு நாள் ஆகியிருந்தது. வைரஸ் மாத்திரையை மூன்று நாளுக்குள் தொடங்கியிருந்தால் பலன் அதிகம் என்றார். அப்போதுதான் தெரிந்தது, அக்கி வேறு கிருமி இல்லை. சின்ன வயதில் வந்த அதே சின்னம்மை வைரஸ்தான். அது உடம்பை விட்டுப் போவதே இல்லை. தண்டுவடத்தை ஒட்டிய நரம்பு முடிச்சுகளில் ஒளிந்துகொள்கிறது. டி செல்கள் அதை அமுக்கி வைத்திருக்கின்றன. வயதாகி அவை தளர்ந்ததும் ஏதோ ஒரு நரம்பு வழியாக வெளியே வருகிறது. அதனால்தான் ஒரு பக்கம் மட்டும், பட்டையாக. நெற்றியிலோ கண் பக்கத்திலோ வந்தால் எழுதிக்கொண்டிருக்காமல் அன்றைக்கே டாக்டரைப் பாருங்கள். பார்வைக்கே ஆபத்து.

அக்கி இன்னொருவருக்கு அக்கியாக ஒட்டாது. அதை நம்பி என் தங்கையின் இரண்டு வயது மகளை அப்பா மடியிலேயே வைத்திருந்தோம். ஆனால் கொப்புள நீரில் இருப்பது உயிருள்ள சின்னம்மை வைரஸ். தடுப்பூசியும் போடாத குழந்தை. பதினைந்தாம் நாள் அவளுக்குச் சின்னம்மை போட்டது. அம்மா வாசலில் வேப்பிலை செருகினார். அறைக்குள் அவளோடு இருந்தது நான்.