காட்டு வகுப்பு: ஆசிரியர்களும் பெற்றோரும் கேட்டவை

போன மாதம் வந்த கேள்விகளில் ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்து எழுதுகிறேன். சிலவற்றுக்குப் பதில் நீண்டுவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள். பிள்ளைகளை வகுப்பறைக்கு வெளியே, மரத்தடிக்குத் திரும்பத் திரும்பக் கூட்டிப்போய்ப் பார்த்துக் கற்க விடுவதைத்தான் காட்டு வகுப்பு என்கிறேன். அதை எப்படிச் செய்வது என்று சிங்கப்பூரில் இத்தனை பேர் கேட்பதே எனக்கு ஒரு மகிழ்ச்சி.

எங்கள் பள்ளிக்குப் பக்கத்தில் காடு என்று எதுவும் இல்லை. பேருந்து எடுத்து புக்கிட் தீமாவுக்குப் போகலாம், ஆனால் வருடத்துக்கு ஒரு தடவைதான் கட்டுப்படியாகும். போதுமா?
(தொடக்கநிலைப் பள்ளி ஆசிரியை, யீஷூன்)

போதாது. அந்தப் பேருந்துக் காசை மிச்சம் பிடித்து, நடந்து போகிற தூரத்தில் இருக்கும் பூங்காவுக்கு ஆறு தடவை போங்கள். புக்கிட் தீமா அருமையான இடம்தான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் ஒரு தடவை போய்வந்தால் அது சுற்றுலா. காட்டு வகுப்பு முறை டென்மார்க் பாலர் பள்ளிகளில் வேர்விட்டது, 1993ல் அங்கே போய்ப் பார்த்த இங்கிலாந்துக்காரர்கள் சிலர் அதைத் தங்கள் ஊருக்குக் கொண்டுபோனார்கள், அப்போதிருந்து இன்றுவரை இதில் மாறாத விஷயம் ஒன்றுதான்: அதே இடம், அதே பிள்ளைகள், திரும்பத் திரும்ப.

நான் பார்த்தவரை முதல் நாள் பிள்ளைகள் கத்துவார்கள், ஓடுவார்கள், "எப்ப சாப்பிடுறது?" என்று பத்து தடவை கேட்பார்கள். அன்று எதுவும் கற்றுக்கொண்ட மாதிரியே தெரியாது, ஆசிரியர் மனம் தளர்ந்துபோவார். இரண்டாம் தடவை கொஞ்சம் அடங்கும். மூன்றாம் தடவை யாராவது ஒரு பிள்ளை, போன வாரம் தான் புரட்டிப் பார்த்த கட்டையிடம் நேரே ஓடும், அடியில் அந்த மரவட்டை இன்னும் இருக்கிறதா என்று பார்க்க. அந்த நொடிக்காகத்தான் இவ்வளவு பாடும். ஒரே தடவை போனால் அது கிடைக்கவே கிடைக்காது.

சரி, என்ன மாதிரி இடம் வேண்டும்? ஐந்தாறு பெரிய மரம், கொஞ்சம் உதிர்ந்த இலை, ஓடினால் கண்ணுக்குத் தெரிகிற எல்லை, பக்கத்தில் ஒரு கட்டடம். இவ்வளவுதான். நம் சாலையோரத் தூங்குமூஞ்சி மரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 1876ல் வெளியிலிருந்து இங்கே வந்த மரம் அது, இன்று ஊரெல்லாம் அதன் நிழல். கிளை மேல் பறவைக்கூடு மாதிரி ஒரு பெரணி உட்கார்ந்திருக்கும், பட்டையில் எறும்பு வரிசை ஏறும், சாயங்காலமானால் இலை மூடிக்கொள்ளும். மலாய்க்காரர்கள் அதை 'ஐந்து மணி' மரம் என்பார்கள், நாம் தூங்குமூஞ்சி என்கிறோம். ஒரு மரத்தை வைத்து ஒரு தவணையே ஓட்டலாம். உங்கள் யீஷூன் பூங்காவே ஒரு காலத்தில் ரப்பரும் பழ மரமும் நின்ற தோட்டம்தான், அங்கிருந்து ஆரம்பியுங்களேன். குழுவாகப் போவதென்றால் தேசியப் பூங்காக் கழகத்திடம் முன்கூட்டியே ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். புக்கிட் தீமா, மத்திய நீர்ப்பிடிப்பு, சுங்கை பூலோ, லாப்ரடோர் என்ற நான்கு இயற்கை வனப்பகுதிகளிலும் பாதையை விட்டு இறங்கக்கூடாது, இலையைக்கூடப் பறிக்கக்கூடாது. மண்ணைத் தோண்டி விளையாட அவை ஏற்ற இடங்களே அல்ல.

மழை வந்தால் ரத்து செய்ய வேண்டுமா? மகன் நனைந்து வந்தால் மாமியார் என்னைத்தான் திட்டுகிறார்.
(ஒரு தாயார், செங்காங்)

மழை வேறு, இடி வேறு. இந்த இரண்டையும் நாம் எப்போதும் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம். தூறலுக்கு மழைக்கோட்டும் மாற்றுத் துணியும் போதும், நனைந்த காட்டில்தான் நத்தை வெளியே வரும், மண் வாசனை வரும், பிள்ளைகளுக்கு அதுதான் ரொம்பப் பிடித்த நாளாக இருக்கும். மாமியாரிடம் ஒரு துண்டும் சூடான மைலோவும் தயாராக வைக்கச் சொல்லுங்கள், அவரும் இதில் சேர்ந்துவிடுவார்.

இடி என்றால் மட்டும் பேச்சே இல்லை, உடனே உள்ளே. சிங்கப்பூரில் வருடத்துக்கு 160 நாளுக்கு மேல் இடி இடிக்கிறது. மின்னல் வெட்டியதும் எண்ண ஆரம்பியுங்கள், 30 எண்ணுவதற்குள் சத்தம் கேட்டால் மின்னல் சுமார் 10 கிலோமீட்டருக்குள் இருக்கிறது. கட்டடத்துக்குள்ளோ பேருந்துக்குள்ளோ போய்விட வேண்டும், கடைசி இடி கேட்டு 30 நிமிடம் கழித்துத்தான் வெளியே வரலாம். மரத்தடியில் ஒதுங்குவது மிக ஆபத்து. நாலு தூணும் ஒரு கூரையும் இருக்கிற பூங்காக் கொட்டகையையும் நம்ப வேண்டாம். தேசியச் சுற்றுப்புற வாரியத்தின் செயலியில் மின்னல் எச்சரிக்கை வரும், கிளம்புமுன் ஒரு தடவை, அங்கே போய் ஒரு தடவை பாருங்கள்.

பலரும் மறப்பது காற்றை. ஏப்ரல் முதல் நவம்பர் வரை விடியற்காலையில் சுமத்ராப் பக்கமிருந்து அடிக்கும் புயற்காற்று கிளைகளை ஒடித்துவிட்டுப் போகும். காலை எட்டு மணிக்கு வானம் பளிச்சென்று இருக்கும், ஆனால் ஒடிந்த கிளை மேலே தொங்கிக்கொண்டிருக்கும். அதனால் பிள்ளைகளை உட்கார வைக்குமுன் நான் எப்போதும் அண்ணாந்து பார்ப்பேன், தரையைப் பார்ப்பது அதற்கப்புறம்தான். ஒருமுறை இதைச் செய்யாமல் ஒரு வகுப்பை உட்கார வைத்துவிட்டேன், பத்து நிமிடம் கழித்து என் உதவியாளர்தான் மேலே காட்டினார். ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

வெயிலையும் விட்டுவிடாதீர்கள். தேசியச் சுற்றுப்புற வாரியம் வெப்ப அழுத்த அளவை (வெறும் வெப்பநிலை அல்ல, ஈரப்பதம், வெயில், காற்று எல்லாம் சேர்த்துக் கணக்கிடுவது) மூன்று நிலையாகச் சொல்கிறது. 31 டிகிரிக்குக் கீழே குறைவு, 33ம் அதற்கு மேலும் உயர்வு, இடையில் இருப்பது நடுத்தரம். உயர்வு என்றால் அன்று நிழலில் உட்கார்ந்து கதை சொல்லும் நாள், ஓட்டம் கிடையாது.

குரங்கு, பாம்பு பயம்தான் பெரிய பயம். என்ன செய்வது?
(பெற்றோர் ஆதரவுக் குழு உறுப்பினர், புக்கிட் பாஞ்சாங்)

பயம் நியாயமானது. ஆனால் எதற்குப் பயப்படுவது என்று வரிசை மாறிக் கிடக்கிறது. என் பட்டியலில் முதலில் வருவது குளவி, கடைசியில்தான் பாம்பு. குளவிக் கூடு தெரிந்தால் யாரும் கையை வீசக்கூடாது, வந்த வழியே அமைதியாகத் திரும்பிவிடுங்கள். யாருக்காவது ஒவ்வாமை உண்டா என்பதை ஒப்புதல் படிவத்திலேயே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். கொட்டு வாங்கிய பிள்ளைக்கு மூச்சு வாங்கினாலோ முகம் வீங்கினாலோ யோசிக்காமல் 995க்கு அழைத்து ஆம்புலன்ஸ் கேளுங்கள்.

குரங்குக்கு வேண்டியது உங்கள் பிளாஸ்டிக் பை மட்டும்தான், ஏனென்றால் பை என்றால் சாப்பாடு என்று நாமே அதற்குக் கற்றுக்கொடுத்துவிட்டோம். எல்லாம் முதுகுப்பைக்குள் இருக்கட்டும். கண்ணுக்குக் கண் பார்க்காமல், பல்லைக் காட்டிச் சிரிக்காமல், ஓடாமல் பின்வாங்குங்கள். வனவிலங்குகளுக்குத் தீனி போட்டால் முதல் தடவைக்கே 5,000 வெள்ளி வரை அபராதம் உண்டு, இதைப் பிள்ளைகளிடம் சொன்னால் வீட்டுக்குப் போய்த் தாத்தா பாட்டிக்குப் பாடம் எடுப்பார்கள்.

பாம்பு நம்மைப் பார்த்தால் பெரும்பாலும் தானே போய்விடும். நின்று வழி விடுங்கள், அவ்வளவுதான். ஒன்றே ஒன்றில் மட்டும் கவனம்: குழிவிரியன் என்ற விஷப்பாம்பு ஒன்று இங்கே உண்டு, தாழ்ந்த கிளையில் மணிக்கணக்காக அசையாமல் கிடக்கும், இலையோடு இலையாக. அதனால் கிளையையோ கைப்பிடிக் கம்பியையோ பிடிக்குமுன் கண்ணால் பார்க்கப் பழக்குங்கள். குட்டிகளோடு காட்டுப்பன்றி நின்றால் அன்றைக்கு அந்தப் பாதை வேண்டாம்.

கொசு?
(பலர்)

டெங்கியைப் பரப்பும் ஏடிஸ் கொசு பகலில்தான் கடிக்கும், காலையிலும் பிற்பகல் இறுதியிலும் அதிகம். வெளிர்நிற நீளக்கைச் சட்டை, நீளக் காற்சட்டை, காலுறை, மூடிய காலணி. டீட் அல்லது பிகாரிடின் உள்ள கொசு விரட்டியைப் பெற்றோர் வீட்டிலேயே பூசி அனுப்பட்டும், உள்ளங்கையில் பூச வேண்டாம், கை எப்படியும் வாய்க்குப் போகும். தேங்காயெண்ணெயை நம்பி அனுப்பாதீர்கள்.

நான் தமிழாசிரியர். இதைத் தமிழ்ப் பாடத்தோடு சேர்க்க முடியுமா? மரங்களின் பெயர் எல்லாம் ஆங்கிலத்திலும் மலாயிலும்தானே இருக்கிறது?
(தொடக்கநிலைப் பள்ளி, ஜூரோங்)

இந்தக் கேள்விக்காகத்தான் நான் காத்திருந்தேன்! ஐயா, இங்கே நிற்கிற எத்தனையோ மரங்களுக்கு நம்மிடம் ஆயிரம் வருடத்துப் பெயர் இருக்கிறது.

சாகா மரத்தை எடுங்கள். பிள்ளைகள் அதன் சிவப்பு விதையைப் பொறுக்கிப் பென்சில் பெட்டியில் போட்டு வைப்பார்கள். அது நம்முடைய மஞ்சாடி. தங்கம் நிறுக்கப் பயன்பட்டது, சோழர் கல்வெட்டுகளில் பொன்னை எடை போட்டுச் சொல்லும்போது கழஞ்சும் மஞ்சாடியும் வருகின்றன. இரண்டு குன்றிமணி ஒரு மஞ்சாடி, இருபது மஞ்சாடி ஒரு கழஞ்சு. சமையலறைத் தராசு ஒன்றைக் கொண்டுபோய் இருபது விதையை நிறுக்கச் சொல்லுங்கள், கணக்கு, வரலாறு, தமிழ் மூன்றும் ஒரே மரத்தடியில் முடிந்துவிடும். ஆனால் ஓர் எச்சரிக்கை, இதைக் கட்டாயம் சொல்லுங்கள்: முழுக்கச் சிவப்பாக இருந்தால் மஞ்சாடி, சிவப்பில் கறுப்புப் பொட்டு இருந்தால் குன்றிமணி, அது கடும் விஷம். வித்தியாசம் தெரியாத பிள்ளை கையில் எந்த விதையும் இருக்கக்கூடாது.

அப்புறம் சுங்கை பூலோ. அங்கே இருப்பது அலையாத்திக் காடு. அலையை ஆற்றும் காடு என்று பெயரிலேயே அதன் வேலை இருக்கிறது, இதை விளக்க உங்களுக்குப் பலகை தேவையில்லை, வேர்களுக்கு நடுவே தண்ணீர் எப்படி அடங்குகிறது என்று காட்டினால் போதும். அங்கே தில்லை மரம் உண்டு. ஆம், சிதம்பரத்துக்குத் தில்லை என்று பெயர் கொடுத்த அதே மரம். அதன் பால் கண்ணில் பட்டால் பார்வை போகும் அளவுக்கு எரிக்கும், அதனால்தான் மலாயில் 'குருடு' என்று பொருள்படப் பெயர் வைத்திருக்கிறார்கள். கோயில் பெயராக மட்டும் கேட்ட ஒரு சொல்லை மரமாகப் பார்த்த பிள்ளையின் முகத்தை நான் பார்த்திருக்கிறேன், பாட்டிக்குப் படம் எடுத்து அனுப்ப வேண்டும் என்று ஒரே பிடிவாதம். செப்டம்பர் முதல் மார்ச் வரை போனால் வலசைப் பறவைகளும் இருக்கும். முதலையும் உண்டு, அதனால் பிள்ளைகள் பாதையிலேயே நிற்கட்டும்.

ஒரு வேண்டுகோள். பெயரை முதலில் சொல்லிவிடாதீர்கள். பார்க்கட்டும், தொடலாம் என்றால் தொடட்டும், தாங்களே ஒரு பெயர் வைக்கட்டும், கடைசியில் நம் பெயரைச் சொல்லுங்கள். தொட்டாற்சிணுங்கியைத் தொட்டுப் பார்த்த பிறகு அந்தப் பெயரைக் கேட்டால் அது மனப்பாடம் செய்யவேண்டிய சொல்லாக இருக்காது. ஏப்ரலில் தமிழ்மொழி விழாவுக்கு வழக்கமாக மேடைப் பேச்சுதானே வைக்கிறோம், ஒரு வருடம் இதைச் செய்து பாருங்கள்.

வெளிநாட்டுக் காணொளிகளில் பிள்ளைகள் தீ மூட்டுகிறார்கள், கத்தியால் குச்சி சீவுகிறார்கள். நாமும் செய்யலாமா?
(மாணவர் பராமரிப்பு நிலைய ஊழியர், தெம்பனிஸ்)

தீ வேண்டாம். பூங்காவில் அனுமதி இல்லாமல் தீ மூட்டக்கூடாது, நமக்கு அது தேவையும் இல்லை. குளிர் நாட்டில் கை சூடேற்றத் தீ வேண்டும், இங்கே வேண்டியது நிழல். கயிறும் ஒரு பழைய போர்வையும் கொடுத்து இரண்டு மரத்துக்கு நடுவே கூடாரம் கட்டச் சொல்லுங்கள். முடிச்சு அவிழும், சண்டை வரும், மறுபடி கட்டுவார்கள். குச்சி சீவக் காய்கறித் தோல் சீவி போதும், ஒரு பெரியவருக்கு இரண்டு பிள்ளைகள் என்ற கணக்கில், உட்கார்ந்தபடி மட்டும்.

என் மகளுக்கு ஆட்டிசம். கூட்டத்தோடு சேரமாட்டாள், சத்தம் பிடிக்காது. இப்படிப்பட்ட வகுப்புக்கு அனுப்பலாமா?
(ஒரு தாயார், பொங்கோல்)

அனுப்புங்கள் அம்மா. ஆனால் நடத்துபவரிடம் முன்கூட்டியே பேசுங்கள். வகுப்பறையைவிடக் காடு எளிதாக இருக்கும் பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன், கடினமாக இருக்கும் பிள்ளைகளையும் பார்த்திருக்கிறேன். சில்வண்டுச் சத்தம் சிலருக்குத் தாங்காது. முதலில் நீங்கள் இருவர் மட்டும் ஒரு நாள் அதே இடத்துக்குப் போய் வாருங்கள், எங்கே உட்காருவோம், கழிப்பறை எங்கே என்று படம் எடுத்து வீட்டில் காட்டுங்கள். காதடைப்பான் கையில் இருக்கட்டும். எங்களிடம் வந்த ஒரு பையன் நாலு வாரம் ஒரே மரத்தின் கீழ் தனியாகத்தான் உட்கார்ந்திருந்தான். நாங்கள் விட்டுவிட்டோம். ஐந்தாம் வாரம் மற்ற பிள்ளைகள் அவனிடம் போய் அந்த மரத்தைப் பற்றிக் கேட்டார்கள், ஏனென்றால் அதை அவனைவிட நன்றாகத் தெரிந்தவர் யாரும் அங்கே இல்லை.

தொடக்கநிலை 6 தேர்வுக்கு இதனால் என்ன பயன்?
(ஒரு தந்தை)

மதிப்பெண் கூடும் என்று நான் வாக்குக் கொடுக்க மாட்டேன். அதற்காக அனுப்புவதாக இருந்தால் அனுப்ப வேண்டாம். கவனித்துப் பார்க்கவும், தெரியாததைக் கேட்கவும் பழகுவார்கள், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

இருபது பிள்ளைகளுக்கு எத்தனை பெரியவர்கள்? என்னென்ன எடுத்துப்போக வேண்டும்?
(பாலர் பள்ளி ஆசிரியை, தோ பாயோ)

தொடக்கநிலைக்கு இருபது பேருக்கு மூன்று பேர் வைத்துக்கொள்கிறேன், பாலர் பள்ளி என்றால் ஐந்துக்கு ஒருவர். ஒருவர் முன்னால், ஒருவர் கடைசியில், கடைசியில் வருபவர் கைப்பேசியைப் பார்க்கக்கூடாது. முதலுதவிப் பெட்டி, பெற்றோர் எண்கள் எழுதிய தாள், கூடுதல் தண்ணீர், விசில், ஈரத்துணி, குப்பைக்கு ஒரு பை. நோட்டும் பேனாவும் முதல் இரண்டு தடவைக்கு வேண்டாம். போகுமுன் ஒரு தடவை, திரும்புமுன் ஒரு தடவை எல்லோரையும் கழிப்பறைக்கு அனுப்பிவிட்டு, பேருந்திலோ நடையிலோ கிளம்புமுன் தலையை எண்ணுங்கள். உங்கள் உதவியாளரையும் தனியாக எண்ணச் சொல்லுங்கள், இரண்டு எண்ணும் ஒத்துப்போன பிறகு கிளம்பினால் போதும்.