வெண்டைக்காய் நுனி ஒடியவில்லை: முற்றலா, வாடலா?

கேள்வி: 40 சென்ட்டில் வீரிய ஒட்டு வெண்டை போட்டிருக்கிறேன். 55 நாள் பயிர். மூன்று நாளுக்கு ஒருமுறை பறிக்கிறோம். மண்டியில் நுனியை ஒடித்துப் பார்த்துவிட்டு ‘முற்றல்’ என்று விலையைக் குறைக்கிறார்கள். விரல் நீளக் காய்கூட ஒடிவதில்லை. யூரியா போதவில்லையா? நார் கட்டாமல் இருக்க ஏதாவது தெளிக்கலாமா?
- திண்டுக்கல் மாவட்ட விவசாயி

பதில்: முதலில் மருந்து விஷயம். கட்டிய நாரைக் கரைக்கும் தெளிப்பு எதுவும் கிடையாது. கடையில் யாராவது தந்தால் வாங்காதீர்கள்.

நுனி ஒடியாமல் போக இரண்டு காரணங்கள் உண்டு. மண்டியில் இரண்டையும் ‘முற்றல்’ என்றே சொல்லிவிடுவார்கள்.

ஒன்று, வாடல். பிஞ்சுக் காயின் ஒவ்வொரு செல்லும் காற்றடித்த சைக்கிள் டியூப் மாதிரி, உள்ளே இருக்கும் தண்ணீரால் விறைத்து நிற்கிறது. அதனால்தான் வளைத்தால் ‘டக்’கென்று ஒடிகிறது. பறித்த காய் வெயிலில் கிடந்தால் தண்ணீர் போய், ரப்பர் போல வளையும். இது வயதுக் கோளாறு அல்ல.

மற்றொன்று நிஜமான முற்றல். காய் நீளும் நாட்களில் செல்சுவர் மெல்லியதாக, இழுத்தால் நீள்கிற பதத்தில் இருக்கும். நீளுவது குறைந்ததும் தோலில் உள்ள நார்ச் செல்கள் சுவரை உள்பக்கமாகத் தடிப்பாக்கி, லிக்னின் என்ற மரப்பொருளை ஏற்றிக்கொள்கின்றன. காய் காய்ந்து, மேலுள்ள முகடுகள் வழியே வெடித்து விதையைச் சிந்த இந்த விறைப்பு செடிக்குத் தேவை. (பருத்தியும் புளிச்சக்கீரையும் வெண்டைக்குப் பங்காளிகள்தானே, நாருக்குக் கேட்கவா வேண்டும்!) ஒருமுறை மரப்பொருள் ஏறினால் இறங்காது.

உங்களுடையது எது என்று பார்த்துவிடலாம். ஒடியாத சில காய்களின் காம்பைப் புதிதாக நறுக்கி, சில மணி நேரம் தண்ணீரில் போடுங்கள். மொடமொடப்பு ஓரளவு திரும்பினால் வாடல். திரும்பாமல், நுனியை மடக்கும்போது வெள்ளை நூல் இழுத்துக்கொண்டு தொங்கினால் முற்றல். இது சோதனைக்கு மட்டும்தான்; நனைத்த காயை மண்டிக்கு அனுப்பினால் கறுத்து, கொழகொழத்துப் போகும்.

வாடல் என்றால் காலையிலேயே பறித்து, நிழலில் கொட்டி, ஈரச் சாக்கால் மூடி அனுப்பினால் போதும்.

முற்றல் என்றால் பறிப்பு இடைவெளிதான் காரணம். வெண்டைப் பூ ஒரே நாள்தான் விரிந்திருக்கும். விரிந்த நாளிலிருந்து 4 முதல் 6 நாளுக்குள் காயை எடுத்துவிட வேண்டும். ‘சின்னதாக இருக்கிறது, அடுத்த பறிப்பில் பார்க்கலாம்’ என்று நீங்கள் விட்ட 4 நாள் காய், திரும்பி வரும்போது 7 நாள் காய். அதனால் ஒருநாள் விட்டு ஒருநாள் பறிக்க வேண்டும். நீளத்தை நம்பாதீர்கள். தண்ணீர் குறைந்தாலும் செடி சோர்ந்தாலும் காய் குட்டையாகவே நின்று முற்றிவிடும். உங்கள் விரல் நீளக் காயிலும் அதுதான் நடந்திருக்கும் என்று நினைக்கிறேன். இன்று காலை பூத்த சில பூக்களின் காம்பில் கலர் நூல் கட்டிவிட்டு, நான்காம் நாளிலிருந்து தினம் ஒன்றை ஒடித்துப் பாருங்கள். உங்கள் வயலின் கணக்கு தெரிந்துவிடும்.

யூரியாவைக் கூட்டினால் இலைதான் தழைக்கும். வாரம் ஒரு தண்ணீர் தவறாமல் கொடுங்கள். மஞ்சள் நரம்புத் தேமல் (இலை நரம்பு மஞ்சளாகும் நோய்) கண்ட செடியில் காய் வெளுத்து, சிறுத்து, கெட்டியாகத்தான் வரும். அந்தக் காயைச் சேர்த்துப் போட்டால் மொத்தக் கூடைக்கும் விலை போய்விடும். தவறிப்போய் முற்றிய காயையும் விற்காவிட்டாலும் அறுத்து எறியுங்கள். அது செடியிலேயே நின்றால் சத்தெல்லாம் விதைக்குப் போய், புதுக் காய் குறையும்.

ஒருநாள் விட்டு ஒருநாள் பறிக்கக் கூலி கட்டாது என்பீர்கள். சரி, வயலை இரண்டாகப் பிரித்து, இன்று 20 சென்ட், நாளை 20 சென்ட் என்று வீட்டு ஆட்களே கையுறை மாட்டிக்கொண்டு காலையில் முடித்துவிடலாம். மண்டிக்குத் தினம் போக வண்டி வசதி இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.