அண்ணாச்சி பதில்கள்

கேள்வி: எருசலேமை முஸ்லிம்களிடமிருந்து பிடிக்க ஐரோப்பியக் கிறிஸ்தவர்கள் கிளம்பிய சிலுவைப் போர் பற்றி டீக்கடையில் எனக்கும் என் மச்சானுக்கும் பெரிய வாக்குவாதம், அண்ணாச்சி. மதம் வெறும் போர்வை, மண்ணுக்கும் பொன்னுக்கும்தான் போனார்கள் என்பது என் கட்சி. பக்தியில்தான் போனார்கள் என்கிறார் அவர். யார் சொல்வது சரி?
– வாசகர், பாளையங்கோட்டை

பதில்: கோபிக்க வேண்டாம், நான் மச்சான் பக்கம். கொள்ளையடிக்கப் போகிறவன் இருக்கிற சொத்தை அடமானம் வைத்துவிட்டா போவான்? நார்மண்டி பிரபு ராபர்ட், 1096-இல் தன் நாட்டையே சொந்தத் தம்பியான இங்கிலாந்து அரசன் இரண்டாம் வில்லியமிடம் 10,000 மார்க் (அந்தக் கால எடை அளவு) வெள்ளிக்கு ஒத்தி வைத்துவிட்டுத்தான் கிளம்பினார். (தம்பியிடம் ஒத்தி வைத்த வயலைத் திருப்புவது என்ன பாடு என்று தாமிரபரணிக் கரைக்காரர்களுக்கு நான் சொல்லவா வேண்டும்? ராபர்ட்டுக்கு யோகம், 1100-இல் அவர் ஊர் வந்து சேர்வதற்குள் தம்பி வேட்டையில் அம்பு பட்டுச் செத்துப்போனார், காசு கட்டாமலே நாடு திரும்பியது.) எருசலேமைப் பிடித்தவர்களிலும் பெரும்பாலோர் அங்கே நிலம் வளைத்துப்போடவில்லை, சொந்த ஊருக்கே திரும்பிவிட்டார்கள்.

ஆனாலும் உங்களுக்குப் பாதி மார்க் உண்டு. செல்ஜுக் துருக்கியரைச் சமாளிக்க பைசாந்தியப் பேரரசர் (கான்ஸ்டான்டிநோபிளிலிருந்து ஆண்ட கிறிஸ்தவ மன்னர்) அலெக்சியஸ் படை உதவி கேட்க, 1095-இல் கிளெர்மான்ட்டில் போப் இரண்டாம் அர்பன் கூட்டிய சபை ஒரு விதி எழுதியது: புகழுக்கோ பணத்துக்கோ இல்லாமல் பக்திக்காக மட்டும் எருசலேமை மீட்கப் போகிறவருக்கு அந்தப் பயணமே முழுப் பாவப்பரிகாரம். ‘பணத்துக்கு இல்லாமல்’ என்று எழுதும்போதே, பணத்துக்காக வருகிறவனும் இருப்பான் என்று தெரிந்திருக்கிறது பாருங்கள். பேரரசருக்குச் சேர வேண்டிய அந்தியோக்கியா நகரத்தைத் தனக்கே வைத்துக்கொண்ட சிலுவைப் படைத் தலைவர் பொஹிமண்ட் அந்த ரகம்.

அப்புறம், பக்தி என்றதும் மச்சான் அதை நற்சான்றிதழாக எடுத்துக்கொள்ள வேண்டாம். 1096-இல் ஜெர்மனியின் வோர்ம்ஸ், மைன்ஸ் நகரங்களில் யூதர்களையும், 1099 ஜூலையில் எருசலேமுக்குள் முஸ்லிம்களையும் யூதர்களையும் வெட்டிச் சாய்த்தது இதே பக்திமான்கள்தான்.

கேள்வி: நான்காம் சிலுவைப் போரில் கிறிஸ்தவர்களே கிறிஸ்தவ நகரத்தைச் சூறையாடினார்களாமே?
– வாசகர், தென்காசி

பதில்: கடன்தான் காரணம். கல்யாணத்துக்கு ஆயிரம் இலைக்குச் சொல்லிவிட்டு முந்நூறு பேர் வந்தால் சமையல்காரர் விடுவாரா? 33,500 பேருக்குக் கப்பல் வேண்டும் என்று வெனிஸிடம் 85,000 மார்க்குக்குப் பேசியிருந்தார்கள், வந்ததோ ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. பாக்கிக்கு ஈடாக முதலில் 1202-இல் ஸாரா என்ற கிறிஸ்தவ ஊரை வெனிஸுக்குப் பிடித்துக் கொடுத்தார்கள், போப் மூன்றாம் இன்னசென்ட் தடுத்தும் கேட்கவில்லை. அதன்பிறகு, அரியணையில் உட்காரவைத்தால் 2,00,000 மார்க் தருகிறேன் என்ற ஒரு பைசாந்திய இளவரசனை நம்பி பைசாந்தியத் தலைநகர் கான்ஸ்டான்டிநோபிளுக்குப் போனார்கள். அவனால் சொன்ன பணத்தைக் கொடுக்க முடியவில்லை. 1204 ஏப்ரலில் ஊரே சூறை. பாளையங்கோட்டைக்காரர் இதை எடுத்துவிட்டிருந்தால் டீக்கடையில் ஜெயித்திருப்பார்! அங்கிருந்து தூக்கிப்போன நான்கு வெண்கலக் குதிரைகள் இன்றும் வெனிஸ் புனித மாற்கு ஆலயத்தில்தான் நிற்கின்றன. முகப்பில் தெரிவது நகல், அசல் உள்ளே.